சூளைக்குள் எவ்வளவு காற்று

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்தவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். செம்பு ஆக்சைடு கலந்த கிளேஸைப் பூசிச் சுடும்போது சூளைக்குள் காற்று தாராளமாக இருந்தால் பச்சை வரும். காற்றை மட்டுப்படுத்திப் புகை சூழச் சுட்டால் அதே கிளேஸ் சிவந்து வரும். செம்பு ஒன்றுதான், களிமண் ஒன்றுதான், சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். சூளைக்குள் எவ்வளவு ஆக்சிஜன் நின்றது என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

ஜங்ஷனும் மணிமுத்தாறும் பழமலைநாதர் கோயிலும் கொண்ட பழைய ஊர் இது. பீங்கான் ஊர் என்ற பெயரை இதற்கு வாங்கித் தந்தவை அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் செராமிக் தொழிற்பேட்டையும். அகல் விளக்கு, கொலு பொம்மை, சாமி சிலை, மின்சார ஃபியூஸுக்கான பீங்கான் என்று இங்கே அச்சில் வார்த்துச் சுட்டு அனுப்புகிறார்கள். அந்த வேலையில் கிளேஸுக்கு நிறமும் தன்மையும் தரும் உலோகங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பச்சைக்குச் செம்பு. பழுப்புக்கு இரும்பு. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு மாங்கனீசு. கிளேஸ் சீராக உருகிப் படியத் துத்தநாகம். பளிச்சென்ற சிவப்புக்குக் காட்மியத்தோடு செலினியம், அது உலோகமே அல்ல என்றாலும்.

நம் உடலை ஆக்சிஜனின் கேட்டிலிருந்து காக்கும் முக்கியமான நொதிகளின் நடுவில் உட்கார்ந்திருப்பவையும், காட்மியத்தை விட்டால், இந்த ஐந்துதான். நீரிழிவில் இந்த நொதிகள் என்ன செய்கின்றன, எதைச் செய்ய முடியாமல் போகின்றன என்று சில காலமாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க, மெடிக்கல் கடைகளிலும் தொலைக்காட்சி விளம்பரங்களிலும் 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்ற பெயரில் விற்கப்படுவதற்கும் இந்த நொதிகளுக்கும் உள்ள தூரம் அதிகமாகிக்கொண்டே போகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செம்பின் கதை. 1938இல் இங்கிலாந்தில் மான், கெய்லின் என்ற இருவர் மாட்டு ரத்தத்திலிருந்து செம்பு கொண்ட ஒரு நீலநிறப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. உடல் செம்பைச் சேமித்து வைக்கும் இடமாக இருக்கும் என்று நினைத்தார்கள். முப்பது வருடம் அது வேலையில்லாத புரதமாகவே பாடப்புத்தகங்களில் கிடந்தது. 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டு என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். சூப்பர் ஆக்சைடு என்ற, ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகச் சுமந்து திரியும் ஆக்சிஜனைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவதுதான் அது. 'சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்' என்று பெயர் வைத்தார்கள். செல்லின் பொதுவெளியில் இருக்கும் வகையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் வகையில் மாங்கனீசு.

அந்தக் கண்டுபிடிப்பின் கனத்தை இன்றைக்கு நாம் உணர்வதில்லை. சூப்பர் ஆக்சைடு என்பது ஏதோ ஆய்வகத்து வினோதம் என்றுதான் அதுவரை வேதியியலாளர்கள் எண்ணியிருந்தார்கள். அதை அகற்றுவதற்கென்றே உயிர்கள் ஒரு நொதியை வைத்திருக்கின்றன என்றால், மூச்சு விடும் ஒவ்வொரு உயிரும் அந்த நஞ்சைத் தன்னுள்ளே ஓயாமல் உண்டாக்குகிறது என்றுதானே பொருள். உணவை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கை மாறிக்கொண்டே போகும். வழியில் சிந்தும் கொஞ்சம் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டை எரிக்கும் வரை இது நிற்காது.

சூப்பர் ஆக்சைடு பெராக்சைடானதோடு வேலை முடிவதில்லை. பெராக்சைடு தேங்கினால், அங்கே தனித்துக் கிடக்கும் இரும்போ செம்போ அதைப் பிளந்து ஹைட்ராக்சில் என்ற இன்னும் கொடிய துணுக்கை உண்டாக்கும். அதைப் பிடிக்க எந்த நொதியும் இல்லை. அதனால் பெராக்சைடைத் தேங்க விடாமல் நீராக்க வேண்டும். இரும்பு கொண்ட கேட்டலேஸ் அதைச் செய்கிறது. செலினியம் கொண்ட குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் செய்கிறது. கேட்டலேஸின் வேகம் நம்ப முடியாதது, ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் பல லட்சம் பெராக்சைடுகளை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். காயத்தில் நர்ஸ் அக்கா பெராக்சைடு ஊற்றும்போது பொங்கி வரும் வெள்ளை நுரை இந்த நொதியின் வேலைதான். நம் ரத்தத்திலும் சதையிலும் இருக்கும் கேட்டலேஸ் வெளியேற்றும் ஆக்சிஜன் அது.

அந்த நுரை வராத ஒரு குழந்தை இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், ஜப்பானின் ஒகாயாமாவில் ஷிகியோ தகஹாரா என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், வாயில் புண் அழுகிய ஒரு சிறுமிக்கு அறுவை செய்துவிட்டுப் பெராக்சைடு ஊற்றினார். நுரை எழவில்லை. ரத்தம் கறுத்தது. யாரோ பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்திருக்கிறார். பாட்டில் சரியாகத்தான் இருந்தது, அவள் ரத்தத்தில் கேட்டலேஸ் இல்லை. 1952இல் லான்செட் இதழில் இதை உலகுக்கு அறிவித்தார். பிற்பாடு ஹங்கேரியில் லாஸ்லோ கோத் என்ற ஆய்வாளர், பிறவியிலேயே கேட்டலேஸ் குறைந்த குடும்பங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். 2000ஆம் ஆண்டில் அவரும் ஈட்டன் என்பவரும் வெளியிட்ட முடிவு இது: கேட்டலேஸ் குறைந்தவர்களில் 12.7 சதவீதம் பேருக்கு நீரிழிவு, அதே குடும்பங்களில் கேட்டலேஸ் சரியாக இருந்த நெருங்கிய உறவினரில் ஒருவருக்கும் இல்லை. சிறிய கூட்டம்தான், அதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரு நொதி குறைவதும் நீரிழிவு வருவதும் ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்றதைக் காட்டிய ஆய்வுகள் அபூர்வம்.

ஏன் நீரிழிவு? ஏன் ஈரல் நோயோ வேறொன்றோ அல்ல? இதற்கு விடை கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் இருக்கிறது.

1981இல் சுவீடனில் கிராங்குவிஸ்ட் குழுவினர் சுண்டெலியின் உறுப்புகளில் இந்த நொதிகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். 1996இல் ஜெர்மனியில் லென்சன் குழுவினர் ஒருபடி மேலே போய், நொதிகளுக்கான மரபணுக்கள் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். ஈரலோடு ஒப்பிட்டால், பீட்டா செல்கள் கூடியிருக்கும் கணையத் திட்டுகளில் டிஸ்மியூட்டேஸ் 30, 40 சதவீதம்தான். குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் 15 சதவீதம். கேட்டலேஸ் கண்ணுக்கே தட்டுப்படவில்லை. சூப்பர் ஆக்சைடைப் பெராக்சைடாக்கும் திறன் ஓரளவு இருக்கிறது, அந்தப் பெராக்சைடை நீராக்க ஆளில்லை. உடலிலேயே பாதுகாப்புக் குறைந்த செல்களில் ஒன்றின் கையில் சர்க்கரையின் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது இயற்கை.

இது இயற்கையின் கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது பீட்டா செல் அதை எரிக்கிறது, எரியும்போது பெராக்சைடு சற்றே கூடுகிறது, அந்தக் கூடுதலே இன்சுலினை வெளியே அனுப்பச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று என்று 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெராக்சைடை வந்த நொடியே துடைத்தெறியும் செல்லால் சர்க்கரை ஏறியதை உணர முடியாது. உணர்வதற்காகத் தன்னைத் திறந்து வைத்திருக்கிறது, அந்தத் திறப்பின் வழியாகவே கேடும் நுழைகிறது. மனிதரின் பீட்டா செல்கள் சுண்டெலியின் செல்களைவிட இந்த விஷயத்தில் சற்று வலுவானவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1995இல் வெல்ஷ் குழுவினர் அதைக் காட்டினார்கள். எலியின் நிலையை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதுவே முதல் எச்சரிக்கை.

இது நோய் தொடங்குமிடம். நோய் வந்த பிறகு கண்ணும் சிறுநீரகமும் காலின் நரம்பும் ஏன் கெடுகின்றன என்பதற்கும் இதே ஆக்சிஜன்தான் காரணம் என்று வாதிட்டவர் நியூயார்க்கின் மைக்கேல் பிரவுன்லீ. உடம்பின் பெரும்பாலான செல்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உள்ளே வரும் அளவை மட்டுப்படுத்திக்கொள்ளும். விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் செல்கள், சிறுநீரகத்தின் வடிகட்டிச் செல்கள், நரம்புச் செல்கள் போன்றவற்றால் அது முடியாது. வெளியே 300 இருந்தால் உள்ளேயும் வெள்ளம். மைட்டோகாண்ட்ரியா திணறிச் சூப்பர் ஆக்சைடைக் கொட்டும். அதுவரை தனித்தனியாகப் பேசப்பட்டுவந்த மூன்று கேட்டு வழிகளுக்கும் ஊற்று அந்தச் சூப்பர் ஆக்சைடே என்று அவருடைய குழு 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் எழுதியது. ஆய்வகத்தில் வளர்த்த ரத்தக்குழாய்ச் செல்களில் மாங்கனீசு நொதியைக் கூட்டியபோது, அதிகச் சர்க்கரையில் மிதந்தும் அந்தக் கேடுகள் எழவில்லை.

இதில் என்னை மிகவும் பாதித்த விவரம் வேறு. அந்த மூன்று வழிகளில் ஒன்று, கூடுதல் சர்க்கரையைச் சார்பிட்டால் ஆக்கும் பாதை. அந்தப் பாதை செலவழிக்கும் அதே துணைப்பொருள்தான் பெராக்சிடேஸுக்கு வேண்டிய குளூட்டாதயோனைப் புதுப்பிக்கவும் தேவை. ஒன்று தின்றுவிட்டால் மற்றதற்கு இல்லை. அதோடு, ஜப்பானில் தனிகுச்சி குழுவினர் 1987இல் கண்டபடி, செம்பு நொதியின் மீதே சர்க்கரை ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஹெச்பிஏ1சி பரிசோதனையில் ஹீமோகுளோபின் மீது ஒட்டிய சர்க்கரையை அளக்கிறோமே, அதே ஒட்டல்தான். எந்த நேரத்தில் நொதி அதிகம் தேவையோ அந்த நேரத்தில்தான் அது குறைகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் கைக்கு வரும் அந்தச் சதவீதம், நம் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ புரதங்களின் நிலையையும் சேர்த்தே சொல்கிறது.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். இந்த நொதிகளைப் பற்றிய உலக ஆய்வில் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பது இங்கே வாழ்பவர்களில் பலருக்குத் தெரியாது. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் விருத்தாசலத்துக்குக் கிழக்கே சிதம்பரத்தை ஒட்டி இருக்கிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து அதன் உயிர்வேதியியல் துறையினர் நம் செடிகளை எடுத்து நீரிழிவு எலிகளில் சோதித்து உலக இதழ்களில் எழுதினார்கள். 1998இல் பிரின்ஸ், மேனன், பாரி ஆகியோர் நாவல் கொட்டையைப் பற்றி எழுதினார்கள். 1999இல் பிரின்ஸும் மேனனும் சீந்தில் வேரைப் பற்றி. 2000இல் பாரியும் உமாமகேஸ்வரியும் வாழைப்பூவைப் பற்றி. 2002, 2003இல் பாரியும் லதாவும் ஆவாரம்பூவைப் பற்றி. இவை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகள்.

ஆவாரை நம் ஊர்ச் செடி. மானாவாரிப் பொட்டல், ரயில்பாதை ஓரம், எங்கும் மஞ்சளாய் நிற்கும். அதைப் பற்றிய பழமொழியைத் தெரியாத பாட்டி இந்தப் பக்கத்தில் இல்லை. பறித்து நிழலில் உலர்த்தி, வெந்நீரில் போட்டுக் குடிக்கும் வழக்கம் என் வீட்டிலும் உண்டு. அந்தப் பூவை ஓர் ஆய்வகம் எடை போட்டு, சாறு எடுத்து, ஈரலிலும் சிறுநீரகத்திலும் மூளையிலும் நொதிகளை அளந்து பார்த்தது என்று முதலில் படித்தபோது பெருமையாக இருந்தது. பெருமை இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரைகள் என்ன சொல்கின்றன, என்ன சொல்லவில்லை என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆய்வு ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கும். எலிக்கு அலாக்சானோ ஸ்ட்ரெப்டோசோட்டோசினோ கொடுத்து நீரிழிவை உண்டாக்குவார்கள். அலாக்சான் பீட்டா செல்லைக் கொல்லும் என்பது 1943இல் கிளாஸ்கோவில் தற்செயலாகத் தெரியவந்தது. குளுக்கோஸைப் போன்ற உருவம் அதற்கு, அதனால் குளுக்கோஸின் வாசல் வழியாகவே பீட்டா செல்லுக்குள் போய்விடும். போய் அங்கே சூப்பர் ஆக்சைடையும் பெராக்சைடையும் உண்டாக்கும். பாதுகாப்புக் குறைந்த செல் சாகும். நீரிழிவு வந்த எலியின் திசுக்களில் டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், பெராக்சிடேஸ் மூன்றும் குறைந்திருக்கும், கொழுப்பு ஆக்சிஜனேறிய அடையாளங்கள் கூடியிருக்கும். செடியின் சாற்றைச் சில வாரம் கொடுத்தால் சர்க்கரை இறங்கும், நொதிகள் ஏறும்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒப்பீட்டுக்காகச் செடிச்சாறு கொடுக்காமல் கிளிபென்கிளமைடு மாத்திரை கொடுத்த எலிகளிலும் நொதிகள் ஏறுகின்றன. கிளிபென்கிளமைடு இன்சுலினைச் சுரக்கவைத்துச் சர்க்கரையை இறக்கும் மாத்திரை. அப்படியானால் செடியால் நொதி ஏறியதா, சர்க்கரை இறங்கியதால் ஏறியதா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். என் வாசிப்பில் இரண்டாவதன் பங்கே பெரியது. எதைக் கொண்டு இறக்கினாலும் சரி, சர்க்கரை இறங்கினால் நொதிகள் மூச்சு விடுகின்றன. ஆவாரம்பூ டப்பாவின் மீது அச்சடிக்க இது உதவாத செய்தி. சுகர் உள்ள மனிதருக்கோ இதைவிட நல்ல செய்தி இல்லை.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கிறது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகம் ஐரோப்பாவில் ஆட்டின் பெயரால் அழைக்கப்பட்ட கலேகா என்ற செடிதான். அந்தச் செடியின் சாரம் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டு, அதே குடும்பத்து வேதிப்பொருள்களைப் பலர் சோதித்தார்கள். 1957இல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் மெட்ஃபார்மினை மனிதருக்குக் கொடுத்து எழுதினார். பிறகு பல பத்தாண்டுப் பயன்பாடு. 1998இல் வெளிவந்த பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வு, உடல் பருத்தவர்களிடம் அது உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. கலேகாவின் கதையை மருந்தாக்கியது மனிதரிடம் பொறுமையாகச் செய்த சோதனை. நாவலும் சீந்திலும் ஆவாரையும் பெரும்பாலும் எலியோடு நின்றுவிட்டன.

எலியிலிருந்து ஒரே தாவலாக டப்பாவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் விலை கொடுத்துக் கற்ற பாடங்கள் இருக்கின்றன. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய பகுதி இது.

1994இல், பீட்டா செல்களில் செம்பு நொதியைக் கூட்டிய சுண்டெலிகள் அலாக்சானைத் தாக்குப்பிடித்தன என்ற செய்தி வந்தது. நொதி கூடினால் நல்லது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2004இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செலினிய நொதியை உடல் முழுவதும் கூட்டி வைத்த சுண்டெலிகள் வளர வளரப் பருத்தன. இன்சுலினுக்கு அவற்றின் உடல் செவிசாய்க்கவில்லை. நீரிழிவைத் தடுக்க வேண்டிய நொதி, அளவு மீறியபோது நீரிழிவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. 2009இல் ஆஸ்திரேலியாவில் தலைகீழாகப் பார்த்தார்கள். அதே நொதி இல்லாத சுண்டெலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டபோது அவை இன்சுலின் எதிர்ப்பிலிருந்து தப்பின. காரணம், தசையில் இன்சுலின் தன் செய்தியைச் சொல்லப் பெராக்சைடைக் கொஞ்சம் பயன்படுத்துகிறது. அதை முற்றிலும் துடைத்தால் செய்தி போய்ச் சேராது.

அதே 2009இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவ் குழுவினர் மனிதரிடமே சோதித்தார்கள். இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. அவர்களுடைய தசையில் டிஸ்மியூட்டேஸ், பெராக்சிடேஸ் மரபணுக்கள் விழித்துக்கொண்டன. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. பயிற்சியின்போது எழும் ஆக்சிஜன் துணுக்குகளே உடலை உசுப்பி அதன் சொந்த நொதிகளைச் செய்யவைக்கின்றன, மாத்திரை அந்த உசுப்பலை அணைத்துவிட்டது. பின்வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த மாத்திரைகள் நீரிழிவைத் தடுத்தன என்று உறுதியாகக் காட்டிய பெரிய சோதனை ஒன்றுமில்லை.

செலினியத்தின் கதை இன்னும் கசப்பானது. புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்த ஒரு சோதனையின் தரவுகளை 2007இல் திரும்ப ஆராய்ந்தபோது, சராசரியாக ஏழரை வருடத்துக்கு மேல் அதைச் சாப்பிட்டவர்களிடம் நீரிழிவு அதிகமாக வந்திருந்தது. பின்னர் முப்பத்தையாயிரம் பேரிடம் நடந்த பெரிய சோதனையில் அந்தக் கேடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை, பயனும் தெரியவில்லை. உடலின் காப்பு நொதிகளை மொத்தமாகத் தூண்டிவிடும் பார்டாக்சலோன் என்ற மருந்தை, சிறுநீரகம் வெகுவாகக் கெட்ட நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயம் செயலிழப்பவர்கள் கூடியதால் 2012இல் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

சூளைக்காரர்கள் இதைக் கேட்டால் வியக்க மாட்டார்கள். காற்று போதாமல் அவசரமாகச் சுட்ட பாண்டத்தை உடைத்துப் பார்த்தால் நடுவில் கறுப்பு தங்கியிருக்கும். மண்ணில் கலந்திருந்த கரி எரிந்து போகவில்லை என்று அர்த்தம். அதற்காகக் காற்றை மட்டுமே விட்டுக்கொண்டிருந்தாலும் ஆகாது. மண்ணில் உள்ள இரும்பால் பீங்கான் மஞ்சளடிக்கும், உயர்தரப் பீங்கானை வெளுப்பாக எடுக்கச் சுடும் நேரத்தில் ஒரு கட்டத்தில் காற்றைக் குறைத்தாக வேண்டும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளைச் சுட்டவர்கள் ஒரே பானையில் வெளிப்புறத்துக்குக் காற்றும் உட்புறத்துக்கும் வாய்க்கும் காற்றின்மையும் கொடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு என்பதுதான் அவர்களுடைய கலை. பீட்டா செல்லுக்குக் கொஞ்சம் பெராக்சைடு வேண்டும், அதிகம் கூடாது. தசைக்கு ஓடும்போது வேண்டும், உட்கார்ந்திருக்கும்போது கூடாது. இந்த நேரக்கணக்கு எதுவும் வாயில் போடும் மாத்திரைக்குத் தெரியாது. நொதிகளுக்குத் தெரியும், ஏனென்றால் தேவைக்குத் தக்கபடி செல் அவற்றைக் கூட்டிக் குறைத்துச் செய்துகொள்கிறது.

நொதியையே வாங்கி விழுங்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். டிஸ்மியூட்டேஸ் மாத்திரைகளும் விற்கின்றன. நொதி ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக்கருவுக்கு நேர்வதுதான் அதற்கும் வயிற்றில் பெரும்பாலும் நேரும், செரித்துப்போகும். நாம் கொடுக்கக்கூடியது மூலப்பொருள்கள் மட்டுமே. அவையும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு எட்டாதவை அல்ல. வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கே வளர்த்தெடுத்த வி.ஆர்.ஐ. ரகங்கள் முந்திரியிலும் நிலக்கடலையிலும் பெயர் பெற்றவை. முந்திரிப் பருப்பில் செம்பு நிறைய, நிலக்கடலையில் மாங்கனீசும் துத்தநாகமும். கைப்பிடி அளவு போதும். சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்கு இந்த உலோகங்கள் குறைவதில்லை, குறையாத இடத்தில் கூட்டினால் நொதி கூடுவதும் இல்லை.

2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்.-இன் 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். நம்மை ஒட்டிய புதுச்சேரியில் 26.3. அச்சு வார்ப்பவர், சூளை அடுக்குபவர், லாரியில் ஏற்றுபவர், கடையில் நிற்பவர் எல்லாம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சர்க்கரையை அளப்பதும் இறக்குவதும் முன்பு போல எட்டாத காரியமல்ல. அதைச் செய்யும் ஒவ்வொருவரும், பெயர் தெரியாவிட்டாலும், தன் டிஸ்மியூட்டேஸையும் கேட்டலேஸையும்தான் காப்பாற்றுகிறார். காலையில் மணிமுத்தாற்றுப் பாலத்தில் வேகமாக நடப்பவர் அவற்றைப் புதிதாகச் செய்யச் சொல்லித் தன் தசையை உசுப்புகிறார். ஆவாரம்பூத் தண்ணீர் குடிப்பவர் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் அதை மறைக்கவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை வேண்டியதற்குக் கீழே இறக்கிவிடக்கூடும்.

ஒரு கோரிக்கையும் உண்டு. எலிகளில் இந்த நொதிகளை அளந்த அந்த உயிர்வேதியியல் துறை இருக்கும் அண்ணாமலை நகரிலேயேதான், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகியிருக்கும் மருத்துவமனையும் இருக்கிறது. சுற்று வட்டாரத்து நீரிழிவுக்காரர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஆவாரையையும் நாவலையும் மெட்ஃபார்மினோடு சேர்த்தும் சேர்க்காமலும், அளவு குறித்து, ஒப்புதல் பெற்று, வருடக்கணக்கில் மனிதரிடம் சோதித்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. முடிவு 'உதவாது' என்று வந்தாலும் அதை வெளியிட வேண்டும். அரசும் பல்கலைக்கழகமும் அந்தச் சோதனைக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.